புதுப்பிப்பு: கனடாவை விட்டுவிட்டோம், ஆஸ்திரேலியா தான்

மூன்று மாதத்துக்கு முன் கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா மூன்றில் குடியேற எது நல்லது என்று இங்கே கேட்டிருந்தேன். நாங்கள் மட்டக்களப்பு, எனக்கு 31, சிவில் எஞ்சினியர். கணவர் கணக்காளர், 32. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

பிரிட்டன் முதலிலேயே கழன்றது. 2025 ஜூலையில் திறன்சார் தொழிலாளர் விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பு 41,700 பவுணாக ஏறிவிட்டது.

கனடாவை விடத்தான் மனம் வரவில்லை, சொந்தக்காரர் பாதிப்பேர் அங்கேதான். ஆனால் அங்கே ஆட்களைத் தெரிவுசெய்யும் புள்ளிக் கணக்கில் 30 வயதிலிருந்தே வயதுப் புள்ளி வருசாவருசம் குறைகிறது. வேலை வாய்ப்புக் கடிதத்துக்குக் கிடைத்த புள்ளியையும் 2025 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் 25 முதல் 32 வரை முழு 30 புள்ளி. அடிலெய்டில் இருக்கும் அண்ணா ஒருவர் இங்கே சொன்ன 491 விசாதான் (பெருநகரங்களுக்கு வெளியே வாழ்ந்து வேலை செய்வதற்கான தற்காலிக விசா) கண்ணைத் திறந்தது: ஏதாவதொரு மாநில அரசு நம்மை நியமித்தால் இன்னும் 15 புள்ளி. சிட்னி, மெல்பேர்ன், பிரிஸ்பேன் தவிர்த்த இடங்களில் இருக்கவேண்டும். மட்டக்களப்பின் கல்லடியில் வளர்ந்தவளுக்கு அது பாரமில்லை.

விண்ணப்பிப்பவர் நான்தான். அவருக்கு 33 ஆனாலும் என் புள்ளி குறையாது.

இப்போதைய சிக்கல், என் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்திலும் பாஸ்போர்ட்டிலும் அப்பாவின் பெயர் ஓர் எழுத்து மாறி இருக்கிறது. அம்மா பழைய பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து, மஞ்சளாய்ப் போன மூலப்பத்திரத்தை எடுத்துத் தந்து, "கவனம் புள்ள, மடிப்புல கிழியும்" என்றார். திங்கட்கிழமை அதோடு கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போகிறேன்.