புது வீட்டுக்கு ஸ்பிரிங்க்ளர் கட்டாயமா? நெல்லைக்குச் சரிப்படுமா?

பாளைப் பொறியாளன்:
அமெரிக்காவின் 2009 மாதிரிக் கட்டட விதி தனிவீட்டுக்கும் ஸ்பிரிங்க்ளர் (தீச்சூட்டில் தானே திறந்து கூரையிலிருந்து தண்ணீர் தெளிக்கும் அமைப்பு) கேட்டது. கலிபோர்னியா 2011 முதல் அதைக் கட்டாயமாக்கியது. வேல்ஸில் 2016 ஜனவரி முதல் எல்லாப் புது வீட்டுக்கும் உண்டு. நம் 2019 தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் உயரக் கட்டடம். பெருமாள்புரத்திலும் மகாராஜநகரிலும் எழும்பும் மாடி வீடுகள் அந்தக் கணக்கில் வரவே வராது. பிளான் அப்ரூவலில் இதைச் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி.

காரணம் வீட்டுச் சாமான். பஞ்சு மெத்தையும் மரக் கட்டிலும் இருந்த அறை முழுக்கப் பற்றிக்கொள்ள அரை மணி நேரம்போல ஆகும். ஃபோம் சோபா, பாலியஸ்டர் திரை உள்ள அறை 5 நிமிடத்திலேயே பற்றிக்கொள்ளும். தீயணைப்பு வண்டி வருமுன் அறை முடிந்துவிடும்.

டவுன் அண்ணாச்சி:
பொறியாளரே, அமெரிக்காவுல வீடு பூரா மரச்சட்டம், மேல ஜிப்சம் பலகை. தீ சுவத்துக்குள்ளேயே ஏறிப் போகும். நமக்குச் செங்கல்லும் காங்கிரீட்டும். ஒரு ரூம்ல பிடிச்சா அடுத்ததுக்குப் போக கதவும் ஜன்னலும்தான் வழி. அங்கேயே பென்சில்வேனியா 2011-ல இந்த விதிய எடுத்துப்போட்டாச்சு, அதையும் சொல்லுங்க.

நம்ம ஊருக்கு முதல்ல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா விழுற சுவிட்ச்), சரியான எர்த், ஏசிக்குத் தனி வயர். அடுப்புக்கு சுரக்‌ஷா டியூப், 5 வருஷத்துக்கு ஒருக்க மாத்தணும். இதச் செய்யாதவன்ட்ட ஸ்பிரிங்க்ளர் கேட்டு என்ன ஆகப் போகுது?

பாளைப் பொறியாளன்:
ஆர்சிசிபி வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அது கசிவைத்தான் பிடிக்கும். 16 ஆம்பியர் பிளக்கில் ஸ்குரூ தளர்ந்து, கீசர் ஓடும்போது முனை சிவந்து பிளாஸ்டிக் உருகுகிறதே, அங்கே கசிவும் இல்லை, அதிகக் கரண்டும் இல்லை. ஆர்சிசிபியும் விழாது, எம்சிபியும் விழாது.

செங்கல் சுவர் வீட்டைக் காப்பாற்றும், ஆளை எப்படிக் காப்பாற்றும்? எல்லா ஜன்னலிலும் கம்பி அழி, வாசலில் கிரில் கேட், அதில் பூட்டு. புகை வந்தால் வெளியே வர ஒரே வழி.

டவுன் அண்ணாச்சி:
அப்போ அழியில ஒரு பாகத்தக் கீல் வச்சு உள்ளருந்து திறக்கிற மாதிரிப் பண்ணச் சொல்லுங்க. வெல்டருக்கு அரை நாள் வேலை.

அடுக்களைய மறந்துட்டீங்க. எரியுற கேஸ் மேல தண்ணி விழுந்து சுடர் மட்டும் அணைஞ்சு, சிலிண்டர் திறந்தே கிடந்தா? கேஸ் காத்தவிடக் கனம், தரையோட படரும். அது தீயவிட மோசம்லா.

பாளைப் பொறியாளன்:
அது நியாயமான கேள்வி. சிலிண்டரை வெளியே வைத்துச் செம்புக் குழாய் இழுத்து, அடுக்களை வாசலுக்கு வெளியே வால்வு வைப்பதுதான் அதற்கு விடை. அழி யோசனையும் சரிதான். ஆனால் தூங்குகிறவரை எது எழுப்பும்? புகை அலாரமும் சேர்ந்தே வரவேண்டும்.

வள்ளியூர் குழாய்க்காரன்:
வேணுமா வேண்டாமான்னு பேசுமுன்ன தண்ணிக் கணக்கப் பாத்துருவோம். படத்துல வர்ற மாதிரி எல்லா ஹெட்டும் (தண்ணி தெளிக்கிற முனை) ஒண்ணாப் பொழியாது. கண்ணாடிக் குப்பி சூட்டுல உடையுற ஹெட்டு மட்டும்தான் திறக்கும். அமெரிக்கத் தனிவீட்டு முறையில பொதுவா 2 ஹெட்டு, 10 நிமிஷம். சாதாரண வீட்டு ஹெட்டுக்கு 0.48 பார் அழுத்தத்துல நிமிஷத்துக்கு 49 லிட்டர். ரெண்டுக்கும் சேத்து 10 நிமிஷத்துக்கு 980 லிட்டர். அதாவது ஒரு 1000 லிட்டர் டேங்க், மிச்சமில்லாம.

அந்த 0.48 பார்ங்கிறது சுமார் 5 மீட்டர் தண்ணி உயரம். மாடிப்படி ஹெட்ரூம் மேல டேங்க் வச்சா மாடி மச்சுக்கு (கூரைக்கு) 3 மீட்டர்தான் கிடைக்கும். மாடிக்கு எட்டாது. தரைத்தளத்துக்கு 6 மீட்டருக்குக் கொஞ்சம் மேல வரும், ஆனா பைப் உரசல்ல போயிரக்கூடாது. 1 இஞ்சு சிபிவிசி பிளாஸ்டிக் பைப் போட்டா அம்புட்டும் அதுலயே காலி, 1½ இஞ்சுலயும் பத்தாது. 2 இஞ்சு போட்டு, எல்போவக் குறைச்சாத்தான் தரைத்தளம் தப்பும்.

டவுன் அண்ணாச்சி:
பாத்தீங்களா! அப்போ மாடிக்கு மோட்டார் வேணும். தீ பிடிச்சா எவனும் முதல்ல மெயின் சுவிட்ச இறக்குவான், மோட்டாரும் சேந்து நிக்கும். 850 விஏ இன்வெர்ட்டர் 1 ஹெச்பி மோட்டாரத் தூக்காது. இன்னொண்ணு, டேங்க 2000 லிட்டர் ஆக்குனா தண்ணி மட்டும் 2 டன். அத ஹெட்ரூம் சிலாப் தாங்குமான்னு டிசைன்ல பாக்கணும்.

வள்ளியூர் குழாய்க்காரன்:
2000 டேங்க்ல வீட்டுக்குப் போற அவுட்லெட்ட பாதி உயரத்துல வையுங்க. கீழ்ப் பாதி தீக்கு மட்டும். ஆனா அடியில போர் மண்ணும் உப்பும் தங்கும், ராதாபுரம் பக்கத்துத் தண்ணி தெரியும்லா. ஸ்டிரெய்னர் (வடிகட்டி) இல்லாம ஹெட்டுக்கு விட்டா அடைச்சுக்கும். டேங்க் நிரம்புற குழாய அடிவரைக்கும் இறக்குனா அடித்தண்ணி கெடாது. பைப்ல கிடக்குற தண்ணிக்கு ஒரு வழி: லைன் முடியுற இடத்துல கக்கூஸ் ஃபிளஷ்ஷ மாட்டிருங்க. தண்ணி ஓடிக்கிட்டே இருக்கும். யாராவது வால்வ மூடிட்டா ஃபிளஷ்ஷுல தண்ணி வராது, அன்னைக்கே தெரிஞ்சுரும்.

பாளைப் பொறியாளன்:
இது நன்றாக இருக்கிறது. நான் ஒன்று சேர்க்கிறேன். 68 டிகிரி சிவப்புக் குப்பி, மச்சுச் சூடு 38 டிகிரிக்குள் இருக்கும் இடத்துக்கு. கத்திரி வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையில் அது தாண்டிவிடும். அங்கே 79 டிகிரி மஞ்சள்தான் போடவேண்டும். ஃபேன் நடுவிலிருந்து 3 அடியாவது தள்ளி இருக்கவேண்டும், இல்லாவிட்டால் இறக்கையில் பட்டுத் தெறிக்கும்.

டவுன் அண்ணாச்சி:
அதையெல்லாம் பத்து வருஷம் கழிச்சு யாரு பாப்பா? பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறவன் மச்சோட சேத்து ஹெட்டுக்கும் ஒரு கோட்டிங் குடுப்பான். குப்பி மேல பெயிண்ட் ஒட்டுனா சூடு உறைக்க நேரமாகும், தண்ணிய அடைச்சிருக்கிற மூடியும் பசை மாதிரி பிடிச்சுக்கும். துடைச்சுச் சரிபண்ண முடியாது, ஹெட்டையே மாத்தணும். வாடகை வீடுன்னா வீட்டுக்காரரா, குடியிருக்கிறவரா? சட்டம் போடுதவங்க இதுக்குப் பதில் சொல்லிட்டுப் போடட்டும்.

பாளைப் பொறியாளன்:
பெயிண்ட் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். கட்டாயத்தைத் தரைத்தளத்தோடு நிறுத்தலாம், மோட்டார் இல்லாமல். மாடிக்கு 2 இஞ்சு குழாய் போக சிலாப் காங்கிரீட் போடும்போதே 3 இஞ்சு ஸ்லீவ் (குழாய் நுழைய உறை) விட்டுவைக்கச் சொல்லலாம். பிறகு காங்கிரீட்டைத் துளைக்கும் கோர் கட்டர் வைத்துக் கம்பியை அறுக்க வேண்டியிருக்காது.

டவுன் அண்ணாச்சி:
ஸ்லீவுக்கு ஆட்சேபணை இல்ல. மாடியிலதான் சனம் தூங்குது, கட்டாயத்தக் கீழ நிறுத்துனா என்ன கணக்கு அது?

வள்ளியூர் குழாய்க்காரன்:
அண்ணாச்சி கேக்கது சரி. மாடிக்கு மோட்டார் வேணும்னா மீட்டருக்குப் பெறகு, மெயின் சுவிட்சுக்கு முன்ன தனி லைன் எடுக்கணும். அதுக்குத் தனி எம்சிபி போட்டு, 'தீ மோட்டார்'னு எழுதி ஒட்டணும். மின்வாரியத்துல அதுக்கு என்ன சொல்லுவாங்கன்னு வயரிங் லைசென்ஸ் வச்சிருக்கிறவங்க யாராவது சொல்லுங்க.