பெயின்டை விட்டுட்டு இரும்பைப் பாருங்க: பழைய இத்தாலிய ரேஸ் சைக்கிள் ஃப்ரேமை அடையாளம் காண்பது

கொல்நாகோ, டி ரோசா, சினெல்லினு எந்தக் கம்பெனி ஸ்டிக்கரையும் ஒட்டலாம். புது செட்டே விலைக்குக் கிடைக்குது. அதனால முதல்ல ஃப்ரேமைக் கவிழ்த்து, பாட்டம் பிராக்கெட் கூட்டோட (பெடல் அச்சு சுத்துற குழாய்) அகலத்தை வெர்னியர்ல அளங்க. 70 மி.மீ. வந்தா இத்தாலிய மரை: விட்டம் 36 மி.மீ., அங்குலத்துக்கு 24 மரை, ரெண்டு பக்கமும் வலமரை. 68 வந்தா பெரும்பாலும் இங்கிலீஷ் மரை. அதுல செயின் பக்கம் இடமரை. அந்தப் பழக்கத்துல செயின் பக்கக் கப்பை (கூட்டுக்குள்ள திருகி அச்சைத் தாங்குற கிண்ணம்) கடிகாரச் சுற்றுல திருப்பினா, இத்தாலியக் கூட்டுல அது கழலாது, இன்னும் இறுகும். துருவேறின கப்புனா சாவி வழுக்கி விளிம்பே மழுங்கிடும்.

அகலம் 68, மரை மட்டும் இத்தாலியதுனும் வரும். இங்கிலீஷ் மரை தேஞ்சதும் 36 மி.மீ.க்கு மறுபடி மரை வெட்டின ஃப்ரேம் அது. ஏற்றுமதிக்குப் போன இத்தாலிய ஃப்ரேம்லயும் இங்கிலீஷ் மரை உண்டு, 68னு பார்த்ததுமே ஒதுக்கிடாதீங்க.

* * *

மரைக்கு அடுத்து ஃபோர்க். கழட்டி, ஃப்ரேமுக்குள்ள போற அதோட தண்டுக்குள்ள கீழிருந்து டார்ச் அடிங்க. இத்தாலியக் குழாய் கம்பெனி கொலம்பஸோட எஸ்.எல்., எஸ்.பி. ரகக் குழாய்னா அடியில அஞ்சு வரி திருகிக்கிட்டு ஓடும். இங்கிலாந்து ரேனால்ட்ஸ் குழாய்ல அது இல்ல. ஆனா இது ஃபோர்க்குக்கு மட்டும்தான் சாட்சி. மோதி வளைஞ்சு ஃபோர்க் மாத்தின சைக்கிள் ஏராளம். ஃப்ரேம் குழாயை சீட் கம்பி சொல்லும்: எஸ்.எல்.னா பொதுவா 27.2 மி.மீ. கம்பி இறங்கும். 26.4தான் இறங்குதுனா குழாய் தடிச்சது, இல்லைனா லக் (குழாய்கள் சேர்ற இடத்து உறை) இறுக்கி நசுங்கியிருக்கு.

கொல்நாகோ லக்ல க்ளாவர் இலை குடைஞ்சிருக்கும். மேல மேல பெயின்ட் அடிச்சதுல குழி தூர்ந்திருந்தாலும் நகத்தால வருடினா விளிம்பு தட்டுப்படும். சினெல்லி சூப்பர்கோர்சாவுக்கு ஃபோர்க் தோள் சரிஞ்சிருக்கும், சீட் ஸ்டே (சீட்டுலேர்ந்து பின் சக்கரத்துக்கு இறங்குற மெல்லிசு குழாய்) ரெண்டும் லக்குக்குப் பின்னால போய்ச் சேரும்.

* * *

இனி ஃப்ரேம் எந்த வருஷத்துதுனு பார்ப்போம். காம்பக்னோலோ கம்பெனியோட நுவோவோ ரெக்கார்ட் பின் டிரெய்லியர்ல (கியர் மாத்துற உதிரி) 'பேட்டன்ட் 78'னு இருந்தா அந்த வருஷம் அந்த உதிரிக்கு மட்டும்தான். ஃப்ரேமுக்கு பிரேக் வயரைப் பாருங்க: மேல் பாருக்கு கிளிப் மாட்டினதுனா 70களோ அதுக்கு முன்னாடியோ, பத்தவைச்ச வளையம்னா பெரும்பாலும் அதுக்குப் பிறகு. கியர் வயர் பாட்டம் பிராக்கெட்டுக்கு மேலே போனா பழசு, அடியில போனா பெரும்பாலும் 80கள். பின் டிராப்-அவுட் (பின் சக்கர அச்சு உட்கார்ற பிளவு) ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி 120 மி.மீ.னா அஞ்சு கியர் காலம், 126னா ஆறு, ஏழு. 130 இருந்தா அவசரப்பட்டு முடிவு கட்டாதீங்க, ஸ்டீலை விரிச்சு விட்டிருப்பாங்க.

கூட்டுக்கு அடியில '56'னு மட்டும் அடிச்சிருந்தா அது சீரியல் நம்பர் இல்ல, செ.மீ.ல ஃப்ரேம் அளவு. கொல்நாகோ கூட்டு நடுவிலிருந்து சீட் குழாய் உச்சி வரை அளக்கும். டேப் வெச்சா 56 வருதானு பாருங்க.