செப்டம்பர் குரூஸ்: நாமளே கேன்சல் பண்றதா, அவன் பண்ற வரைக்கும் உக்காந்திருக்கறதா?

செங்காங் சேகர் (மே 2020)
மக்களே ஒரு யோசனை சொல்லுங்க. செப்டம்பர் ஸ்கூல் லீவுக்கு சிங்கப்பூர்ல ஏறி பினாங்கு, புக்கெட் போயிட்டு வர்ற கப்பல், ஜனவரியில ஏஜென்ட் மூலமா புக் பண்ணேன். நான், வீட்டுக்காரம்மா, பையன், திருச்சியிலேர்ந்து வர்றதா இருந்த எங்கம்மா. மொத்தம் 3,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அதுல 800 டெபாசிட் கட்டியாச்சு. மீதி 3,000 ஜூன் 10க்குள்ள கட்டணும். இப்ப ஏஜென்ட் சொல்றாங்க, கப்பல் பிளான் படி கெளம்பும், நீங்களா கேன்சல் பண்ணா டெபாசிட் திரும்ப வராது, வேணும்னா அடுத்த வருஷத்துக்கு கிரெடிட்டா மாத்தி தர்றோம்னு. அம்மா எப்படி வருவாங்க, கொரோனாவால மார்ச் 23 ராத்திரியோட ஷார்ட் டேர்ம் விசிட்டர் யாரும் சிங்கப்பூர் உள்ள வரக்கூடாதுன்னுட்டாங்க, ஊர்லேர்ந்து ஃபிளைட்டும் இல்ல. வீட்ல 800 போனா போகட்டும் தலைமுழுகுங்கன்றாங்க. எனக்கு மனசு வரல. என்ன பண்ணலாம்?

பெடோக் மாமா
தம்பி அந்த கேன்சல் பட்டன் மேல கையே வெக்காதீங்க. ரிட்டயர் ஆனதுலேர்ந்து எங்களுக்கு கப்பல்தான் பொழுதுபோக்கு, இவங்க வழி எனக்கு தெரியும் லா. நீங்க கேன்சல் பண்ணா அவங்க ரூல், டெபாசிட் கோவிந்தா. அவங்க கேன்சல் பண்ணா முழு காசு, இல்லன்னா பெரிய அமெரிக்க கம்பெனிங்க இப்ப குடுக்கற மாதிரி 125 சதவீத கிரெடிட், எது வேணும்னு நீங்க சொல்லலாம். மார்ச் 13லேர்ந்து சிங்கப்பூர் துறைமுகத்துல ஒரு குரூஸ் கப்பலையும் பயணி ஏத்த விடல. கப்பல் கெளம்ப எடமே இல்லாம டிக்கெட் மட்டும் வித்துக்கிட்டு இருக்கான்னா ஏன்? மொத்தமா நிறுத்திட்டா எல்லாருக்கும் ஒரே நாள்ல திருப்பி குடுக்கணும், அதான் மாசம் மாசமா தள்ளி தள்ளி அறிவிக்கிறான், அதுக்குள்ள பயந்தவங்க தானா கழண்டுக்குவாங்க, அந்த டெபாசிட் எல்லாம் அவனுக்கு. பொறுமையா இருங்க.

வரவு செலவு
மாமா சொல்றது டெபாசிட் மட்டும் கட்டிட்டு பைனல் பேமென்ட்டுக்கு இன்னும் நாள் இருக்கறவனுக்கு சரி, பைனல் பேமென்ட் கட்டிட்டு காத்திருக்கறவனுக்கும் சரி, ஆனா சேகர் நடுவுல மாட்டிக்கிட்டு இருக்காரு. காத்திருக்கணும்னா ஜூன் 10 அன்னிக்கு இன்னும் 3,000 உள்ள போடணும். 800ஐ காப்பாத்த 3,800ஐ ஆபத்துல வெக்க சொல்றீங்க. ஏப்ரல்ல கார்னிவல்ன்ற பெரிய குரூஸ் கம்பெனி 400 கோடி டாலர் கடன் வாங்குச்சு, வட்டி எவ்வளவு தெரியுமா, 11.5 சதவீதம், அதுவும் கப்பலை எல்லாம் அடமானம் வெச்சு. இந்த மாசம் 5ஆம் தேதி நார்வீஜியன்ன்ற இன்னொரு குரூஸ் கம்பெனி, கம்பெனியையே தொடர்ந்து நடத்த முடியுமான்னு சந்தேகம் இருக்குன்னு பகிரங்கமா சொல்லிட்டு, அப்புறம் அவசரமா 200 கோடி டாலருக்கு மேல திரட்டுனாங்க. அடமானம் வாங்கிட்டு கடன் குடுத்தவனுக்கே 11.5, சேகர் அண்ணன் அடமானமும் இல்லாம வட்டியும் இல்லாம 3,000 குடுக்கணுமாம். நாளைக்கு கம்பெனி படுத்துச்சுன்னா வரிசையில கடைசி ஆளு டிக்கெட் வாங்கினவன்தான்.

ஓடம்
என்னப்பா எல்லாரும் இவ்ளோ நெகட்டிவ்வா. அமெரிக்காவுல நோய் தடுப்பு பாக்கற சிடிசியே ஜூலை 24 வரைக்கும்தான் கப்பல் ஓடக்கூடாதுன்னு சொல்லிருக்கு. செப்டம்பர்னா அதுக்கப்புறம் ஒண்ணரை மாசம் இருக்கு. இங்க சிங்கப்பூர்ல சர்க்யூட் பிரேக்கரும் (நம்ம லாக்டவுன்) ஜூன் 1ஓட முடியுது. பணத்தை கட்டிட்டு ஜாலியா போயிட்டு வாங்க, கூட்டமும் இருக்காது.

ஜூரோங் ஜெயா
ஓடம், அந்த உத்தரவு முதல்ல மார்ச்ல 30 நாள்னு வந்துச்சு, ஏப்ரல்ல அதை நீட்டிதான் ஜூலை 24 ஆச்சு, அடுத்து நீட்ட மாட்டாங்கன்னு யாரு சொன்னா? அதுவும் அமெரிக்க துறைமுகத்துக்கு. சேகரோட கப்பல் போற ரூட்டை பாருங்க. மார்ச்ல கோஸ்டா ஃபோர்ச்சுனான்னு ஒரு கப்பல், ரெண்டாயிரம் பேரோட, புக்கெட்ல எறங்க விடல, பினாங்குல உள்ளயே விடல, கடைசியா 10ஆம் தேதி நம்ம மரினா பே குரூஸ் சென்டர்லதான் வந்து எறக்கிவிட்டான். நீங்க சொல்ற அதே ரெண்டு ஊரு. ஜப்பான் யோகோஹாமாவுல டயமண்ட் பிரின்சஸ்னு ஒரு கப்பல், 3,711 பேர்ல 700க்கு மேல பாசிடிவ், ரூமை விட்டு வெளிய வரக்கூடாதுன்னு அடைச்சு வெச்சும். ஜாலியாம்.

கவுண்டர் கண்ணன்
நான் ஒரு ஏஜென்சில வேலை பாக்கறேன், சேகர் சார் புக் பண்ண எடம் இல்ல. திட்டறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் கேளுங்க. கஸ்டமர் கட்டுற டெபாசிட் எங்க கல்லாவுல இல்ல, அன்னிக்கே இல்ல அந்த வாரமே கப்பல் கம்பெனிக்கு போயிடும். எங்களுக்கு கமிஷன்தான், அதுவும் பயணம் நடந்தாதான் கைக்கு வரும். பிப்ரவரிலேர்ந்து நாங்க பண்ற வேலை முழுக்க ரீஃபண்ட் ஃபார்ம் நிரப்பறதுதான், ஒரு காசு வருமானம் கெடயாது, பாதி பேரு சம்பளம் இல்லாத லீவுல வீட்ல இருக்காங்க. கம்பெனி எங்களுக்கு குடுக்காம நாங்க எங்க கைக்காச போட்டு உங்களுக்கு குடுக்க முடியுமா? கிரெடிட் எடுத்துக்கிட்டா காசு எங்கயும் போகாது, அடுத்த வருஷம் போங்க. புக் பண்ணும்போது நான்-ரீஃபண்டபிள், அதாவது காசு திரும்ப வராதுன்னு படிச்சுட்டுதான கையெழுத்து போட்டாங்க.

வரவு செலவு
கண்ணன் சார் உங்க கஷ்டம் நெசம், மறுக்கல. ஆனா அந்த கமிஷன் கணக்கும் எங்க டெபாசிட்டும் வேற வேற. கஸ்டமர் படிச்சுட்டு கையெழுத்து போட்டது சரி, கப்பல் போகும், நான் மனசு மாறுனா காசு போகும்ன்ற நெனப்புல போட்டது. துறைமுகமே மூடி கெடக்கும்போது மனசு மாறுனது யாரு? அப்புறம் கிரெடிட் கிரெடிட்னு சொல்றீங்களே, அதுல போட்டிருக்கற தேதியை எத்தனை பேரு பாத்தாங்க. அடுத்த வருஷ இறுதிக்குள்ள கெளம்பணும், வேற ஆளுக்கு மாத்த முடியாது, அப்ப ரேட் ஏறிருந்தா மேல கட்டணும், இப்படி இருந்தா 800 வெள்ளி கிரெடிட் 800 வெள்ளி ஆகாது.

மயிலாப்பூர் மணி
நீங்கல்லாம் குடுத்து வெச்சவங்க சார், விவாதமாவது பண்றீங்க. இங்க ஏர்லைன்ஸ்காரன் காசுக்கு பதிலா கிரெடிட் ஷெல்னு, பின்னாடி டிக்கெட் எடுக்க மட்டும் ஆகற ஒண்ண தூக்கி குடுத்துட்டு போன் எடுக்க மாட்டேங்கறான். ஏப்ரல் 16 மத்திய அரசு ஒரு உத்தரவு போட்டுச்சு, லாக்டவுன் நேரத்துல புக் பண்ணவங்களுக்கு மட்டும் முழு காசு மூணு வாரத்துல திருப்பி தரணும்னு. அதுக்கு முன்னாடியே புக் பண்ண எங்க மாதிரி ஆளுங்கதான் அதிகம், எங்களுக்கு ஒண்ணும் இல்ல. லாக்டவுன் போட்டப்புறம் எவன் சார் டிக்கெட் எடுப்பான்?

ஜூரோங் ஜெயா
சேகர், யாரும் இன்னும் சொல்லாததை சொல்றேன். இங்க சிங்கப்பூர்ல ஏப்ரல் 7 பார்லிமென்ட்ல கோவிட் தற்காலிக நடவடிக்கைகள் சட்டம்னு ஒண்ணு பாஸ் பண்ணாங்க, 20ஆம் தேதியிலேர்ந்து அமல்ல இருக்கு. வாடகை, கட்டுமானம் எல்லாம் இருக்கற லிஸ்ட்ல நிகழ்ச்சி, சுற்றுலா ஒப்பந்தமும் இருக்கு. கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்தவங்க நெறைய பேரு இதை வெச்சுதான் பேசிக்கிட்டு இருக்காங்க. மார்ச் 25க்கு முன்னாடி போட்ட ஒப்பந்தமா இருக்கணும், கோவிட்டாலதான் நிறைவேத்த முடியலன்னு இருக்கணும். சட்ட அமைச்சு வெப்சைட்ல நோட்டீஸ் ஃபார்ம் இருக்கு, அதை அனுப்புனா எதிர்பக்கம் டெபாசிட்டை அபகரிக்க முடியாது. ஒத்துக்கலன்னா அசெஸர்னு ஒருத்தரை போடுவாங்க, யாரு பக்கம் நியாயம்னு அவரு பாப்பாரு. ஃபீஸ் இல்ல, வக்கீல் வெக்கவும் விட மாட்டாங்க. அம்மாவால உள்ளயே வர முடியாதுன்றது உங்களுக்கு நல்ல பாயின்ட்.

கவுண்டர் கண்ணன்
மேடம் பாதிதான் சொல்றீங்க. அந்த சட்டம் முடியாதவங்களுக்கு, பயப்படறவங்களுக்கு இல்ல. செப்டம்பர் பயணம் இன்னும் ரத்தே ஆகலையே, மே மாசத்துல உக்காந்துக்கிட்டு செப்டம்பர்ல முடியாதுன்னு எப்படி நிரூபிப்பாரு? நோட்டீஸ் அனுப்புனா ஆட்டோமேட்டிக்கா காசு வந்துடும்னு நெனச்சுக்கிட்டு தெனம் நாலு பேரு கவுண்டருக்கு போன் பண்றாங்க. அசெஸர் எங்க செலவையும் பாப்பாரு. ஏஜென்ட் ஏற்கனவே கம்பெனிக்கு கட்டிட்டான்னா அதையும் கணக்குல எடுப்பாரு.

பெடோக் மாமா
அதத்தான நானும் மொதல்லேர்ந்து சொல்றேன், இன்னும் ரத்தாகல, அதனால அவசரப்படாதீங்கன்னு. வரவு செலவு தம்பி என்னமோ நான் 3,000 கட்ட சொன்ன மாதிரி பேசறாரு. ஜூன் 10ன்றது கல்லுல செதுக்கினது இல்ல லா. ஏஜென்ட்கிட்ட பைனல் பேமென்ட் தேதியை தள்ளி குடுங்கன்னு கேக்கணும், போன்ல இல்ல, ஈமெயில்ல. கப்பல் போகும்னு எழுத்துல குடுங்கன்னும் கேளுங்க. ரெண்டாவது கேள்விக்கு பதில் வராது, அதனாலயே மொதல் கேள்விக்கு இறங்கி வருவாங்க. என் கூட்டாளி ஒருத்தருக்கு இப்படித்தான் தள்ளி குடுத்தாங்க.

வரவு செலவு
இது நல்ல யோசனை மாமா, இதை மொதல்லயே சொல்லியிருந்தா நான் இவ்ளோ டைப் பண்ணிருக்க மாட்டேன். இன்னொண்ணு சேகர், உங்க கார்டு ஸ்டேட்மென்ட்ல 800 யாரு பேருல போயிருக்குன்னு பாருங்க, ஏஜென்டா கப்பல் கம்பெனியா. நோட்டீஸ், கேஸ் எல்லாம் அதை வெச்சுதான். கப்பல் கம்பெனியோட ஒப்பந்தத்துல வெளிநாட்டு கோர்ட்டை போட்டு வெச்சிருப்பான், ஏஜென்ட்னா இங்கயே சின்ன தொகை வழக்கு பாக்கற ஸ்மால் கிளெய்ம்ஸ்ல போடலாம், 20,000 வெள்ளி வரைக்கும் எடுப்பாங்க. கார்டுல கட்டிருந்தா பயணம் ரத்தாகி காசு தராதப்ப பேங்க்ல சார்ஜ்பேக் (கார்டுல போன காசை பேங்க் மூலமா திருப்பி வாங்கறது) கேக்கலாம், இப்ப கேட்டா ரத்தே ஆகலையேன்னு தள்ளிடுவாங்க. ஒருதடவை கிரெடிட்டுக்கு ஓகே சொல்லிட்டீங்கன்னா அப்புறம் சார்ஜ்பேக் கஷ்டம், நீதான் ஒத்துக்கிட்டியேம்பான். அதனால அந்த கிரெடிட் மெயிலுக்கு தேங்க்ஸ்னு கூட பதில் போடாதீங்க.

ஓடம்
இன்சூரன்ஸ் இல்லயா? அதுல கேக்க வேண்டியதுதான.

ஜூரோங் ஜெயா
கோவிட் தெரிஞ்ச விஷயம் ஆனப்புறம் எடுத்த பாலிசில செல்லாதுன்னு கம்பெனிங்க ஜனவரி கடைசி வாக்குலயே ஆளுக்கொரு தேதி சொல்லிட்டாங்க. எந்த தேதியில எடுத்தாரோ அதை பொறுத்தது. போக பயமா இருக்குன்னு நாமளே நிறுத்துனா சாதாரண பாலிசில எதுவும் வராது.

செங்காங் சேகர்
எல்லாருக்கும் நன்றி. ஸ்டேட்மென்ட் பாத்தேன், ஏஜென்ட் பேருலதான் போயிருக்கு. இன்சூரன்ஸ் எடுக்கவே இல்ல, டிக்கெட் முழுசா கட்டும்போது எடுத்துக்கலாம்னு இருந்தேன். மாமா சொன்ன மாதிரி மெயில் போட்டேன், பைனல் பேமென்ட் தேதியை தள்ளுங்க, அம்மாவுக்கு நுழைவு தடை இருக்கறதால எங்க புக்கிங்ல நாலு பேரும் சேர்ந்து வர முடியாது, கப்பல் உறுதியா கெளம்புமான்னு எழுத்துல சொல்லுங்கன்னு மூணு வரி. இன்னிக்கு பதில் வந்துச்சு, ஜூலை 10 வரைக்கும் தள்ளி தர்றாங்களாம். கப்பல் கெளம்புமான்றதுக்கு பதில் இல்ல.

கவுண்டர் கண்ணன்
பாத்தீங்களா, ஒழுங்கா கேட்டா ஏஜென்ட் செய்வாங்க. இப்ப அந்த நோட்டீஸ அனுப்பி அவங்கள சீண்டாதீங்க சார், தேதி தள்ளி குடுத்ததையும் திருப்பி வாங்கிப்பாங்க.

ஜூரோங் ஜெயா
சேகர் அனுப்ப வேணாம்னு நானும் சொல்றேன், ஆனா காரணம் வேற. நோட்டீஸ் அனுப்ப அக்டோபர் 19 வரைக்கும் டைம் இருக்கு, செப்டம்பர் பயணம் அதுக்குள்ள வந்துடும். ஜூலையில என்ன சொல்றாங்கன்னு பாத்துட்டு ஃபார்மை எடுங்க. தேதி தள்ளி குடுத்த மெயிலை டவுன்லோட் பண்ணி வெச்சுக்கோங்க.

வரவு செலவு
ஜூலை 10 அன்னிக்கும் கப்பல் நிலைமை தெரியலன்னா 3,000 கட்டாதீங்கண்ணே. மறுபடி தள்ள சொல்லுங்க.

பெடோக் மாமா
அதுக்கு முன்னாடியே ரத்து பண்ணிடுவான் லா. வேணும்னா பாருங்க.