மகளை மகனாக்கிய திரை

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவின் பெயர் 'சைதாப்பேட்டை வீடு'. வேலூர் சைதாப்பேட்டை, சென்னையில் இருப்பது இல்லை. வீட்டை விற்றுப் பல வருடமாகிறது, குழு மட்டும் பாக்கி. போன மாதம் ஒரு ஞாயிறு தொடங்கிய பேச்சு இது. காலை வணக்கப் படங்களையும், ஆம்பூர் அத்தை அனுப்பிய கோயில் வீடியோக்களையும் எடுத்துவிட்டுப் போடுகிறேன். பெயர்கள் என் போனில் பதிந்திருக்கிறபடி.

*ஞாயிறு*

ஆரணி மாமா, காலை 7:42
சின்ன மகள் வங்கித் தேர்வில் தேர்சி. எல்லோருடைய ஆசியும் வேண்டும் 🙏

ஆம்பூர் அத்தை, 7:50
ரொம்ப சந்தோஷம்! நல்லா இருக்கட்டும் 💐💐

பெரியப்பா, 8:15
சின்ன மகனுக்கு என் மனமார்ந்த வாழ்த்துகள் மாப்பிள்ளை.

ஆரணி மாமா, 8:16
மச்சான், எனக்கு இரண்டும் பெண்தானே. எந்த மகன்?

காட்பாடி சித்தப்பா, 8:16
😂😂 மாமாவுக்கே தெரியாதது அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது

பெரியம்மா, 8:20
லேப்டாப்பில் பார்த்துத்தான் போட்டார். மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறார். காபி ஆறிப்போனது.

பெரியப்பா, 8:29
ள் என்பதை ன் என்று படித்துவிட்டேன். தவறு என்னுடையதுதான். இந்தப் பழைய லேப்டாப்பில் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. ஆயுசு முழுக்கத் தமிழ் வாத்தியாராக இருந்தவனுக்கு மகனுக்கும் மகளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

காட்பாடி சித்தப்பா, 8:31
நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். இப்போது எழுத்தில்லாத லேப்டாப்பும் வேலூரில் சேர்ந்தது.

பெரியப்பா, 8:36
சாமி 1981லேயே கோட்டைக்குள் திரும்ப வந்துவிட்டார். பழைய கதையையே சொல்லாதே.

பெரியப்பா, 8:44
புதிதாக ஒன்று வாங்கப் போகிறேன். ரெசல்யூஷன், அதாவது திரையில் உள்ள பிக்சல் புள்ளிகளின் எண்ணிக்கை, குறைவாக இருந்தால் எழுத்து பெரிதாகத் தெரியும் என்று பக்கத்து வீட்டுத் தம்பி சொல்கிறது. 15.6 அங்குலத்தில் 1366×768 மலிவாக இருக்கிறது. நிறைய பிக்சல் உள்ளதை வாங்கினால் எழுத்து பொடியாகிவிடுமாம். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவரே, எங்கே போனீர்?

அந்தக் கடைசி வரி எனக்கு. துணி துவைத்துக்கொண்டிருந்தேன்.

நான், 9:30
பெரியப்பா, அந்தத் தம்பி சொன்னது பாதி உண்மை. வாங்கின கையோடு எதையும் மாற்றாமல் வைத்தால் அப்படித்தான் பொடியாக இருக்கும். ஆனால் விண்டோஸில் ஸ்கேல் என்று ஒன்று இருக்கிறது. செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே என்று போனால் 100%, 125%, 150% என்று வரும். எழுத்தின் அளவை நாம் அங்கே வைத்துக்கொள்ளலாம். பிக்சல் எண்ணிக்கை எழுத்து எவ்வளவு சுத்தமாக வரும் என்பதைத் தீர்மானிக்கிறது, அவ்வளவுதான்.

நான், 9:34
கணக்குப் போட்டுப் பார்த்தேன். உங்கள் பழைய திரையும் 15.6 அங்குலம், 1366×768தான். ஒரு அங்குலத்துக்கு 100 பிக்சல். சாதாரண 12 பாயிண்ட் எழுத்துக்கு 16 பிக்சல் உயரம், அதாவது 4 மி.மீ. அதே 15.6 அங்குலத்தில் 1920×1080 என்றால் அங்குலத்துக்கு 141. ஸ்கேலை 150% வைத்தால் எழுத்து 4.3 மி.மீ. கொஞ்சம் பெரிதாகவே ஆகிறது. ஆனால் இப்போது அதை 24 பிக்சலில் வரைகிறது.

பெரியப்பா, 9:41
16க்குப் பதில் 24. அதனால் ள்-இன் சுழி தெரியும் என்கிறாய்.

நான், 9:42
ஆமாம். ஆங்கில 'ஓ' 16 பிக்சலில் தப்பித்துக்கொள்ளும். நம்முடைய ண, ணை, றை எல்லாம் அந்த இடத்துக்குள் அடங்காமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மெய்யெழுத்தின் புள்ளிதான் முதலில் காணாமல் போகும்.

பெரியம்மா, 9:50
இதைத்தானே நான் மார்கழி முழுக்கச் செய்கிறேன். வாசல் அதே வாசல். புள்ளியை நெருக்கி வைத்தால் மயில் மயிலாக வரும். அகல வைத்தால் மயில் கோழியாகிவிடும்.

நான் அரை மணி நேரம் எழுதியதைப் பெரியம்மா நாலு வாக்கியத்தில் முடித்துவிட்டார். அலுவலகத்தில் இப்போது இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆம்பூர் அத்தை, 10:05
அண்ணா, கண்ணுக்கு நீல வெளிச்சம்தான் கெடுதல். புளூ கட் கண்ணாடி போட்டால் எல்லாம் சரியாகும் என்று வந்திருக்கிறது. பலமுறை பகிரப்பட்டது என்றும் போட்டிருக்கிறது பார்.

பாப்பா, 10:11
அம்மா! பலமுறை பகிரப்பட்டது என்றால் உண்மை என்று அர்த்தமில்லை 🤦‍♀️

பாப்பா, 10:13
2023ல் காக்ரேன் என்கிற மருத்துவ ஆய்வுகளைத் தொகுக்கும் அமைப்பு 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. சாதாரணக் கண்ணாடியை விட புளூ கட் போட்டவர்களுக்குக் கண் களைப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. நான் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொன்னால் முதலாளி கோபித்துக்கொள்வார். குழுவை விட்டு வெளியே போகக் கூடாது.

பாப்பா, 10:20
பெரிய மாமா, திரையைப் பற்றிப் பேசுகிறீர்கள், உங்கள் கண்ணாடியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ரீடிங் பவர் என்ன?

பெரியப்பா, 10:38
சீட்டைத் தேடி எடுத்தேன். +2.50. தூரப் பார்வைக்குப் பெரிதாக எதுவும் இல்லை. போன வருடம் ஆரணி ரோடு ஷெல் கண் ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணுக்கும் புரை எடுத்தாயிற்று. பைஃபோகல்தான் போடுகிறேன், கீழ்ப் பாதியில் படிக்கிற பவர்.

பாப்பா, 10:40
நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். கண்ணுக்கும் திரைக்கும் எவ்வளவு தூரம் என்று பெரிய அத்தை தையல் டேப்பில் அளக்கட்டும்.

பெரியம்மா, 10:52
23 அங்குலம். மூக்கு இடிக்கிறபோது 16.

பாப்பா, 10:53
அதான்!! 100ஐ 2.5ஆல் வகுத்தால் 40 செ.மீ. உங்கள் படிக்கிற பவர் 40 செ.மீ.க்குச் செய்தது. 40 செ.மீ. என்பது 16 அங்குலம். உங்கள் மூக்கு தானாகவே போய் கண்ணாடி வேலை செய்கிற இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறது.

காட்பாடி சித்தப்பா, 10:55
அண்ணனுடைய மூக்குக்குக் கணக்குத் தெரியும்

பாப்பா, 10:59
பேப்பர் படிக்க அது சரி, மடியில் வைத்துக்கொள்கிறோம். லேப்டாப் 23 அங்குலம், 58 செ.மீ. அதற்கு +1.75 பக்கத்தில் வரும். வயதில் கண்ணின் லென்ஸ் இறுகிப்போவதால்தான் வெள்ளெழுத்து. உங்களுக்கு உள்ளே வைத்திருப்பது செயற்கை லென்ஸ், அது தானாக ஃபோகஸ் மாற்றவே மாற்றாது. அதனால் தூரம் மாறினால் பவரும் மாற வேண்டும்.

பெரியம்மா, 11:02
பிடரி வலி என்று தினமும் தைலம் தேய்க்கச் சொல்கிறாரே, அதுவும் இதனாலா?

பாப்பா, 11:04
பைஃபோகல் போட்டுத் திரையைப் பார்க்க மோவாயைத் தூக்க வேண்டும், அத்தை. படிக்கிற துண்டு கீழேதானே இருக்கிறது. கம்ப்யூட்டருக்கென்று முழுக் கண்ணாடியும் ஒரே பவரில் தனியாக ஒன்று செய்துகொண்டால் தைலச் செலவு மிச்சம். நான் சொன்ன நம்பரை வைத்துச் செய்துவிடாதீர்கள், செக் பண்ணிக்கொண்டு செய்யுங்கள். சுகர் ஏறி இறங்குகிற நேரத்திலும் வேண்டாம், பவர் தப்பாக வரும்.

பெரியப்பா, 11:10
அப்படியென்றால் லேப்டாப் வாங்க வேண்டாமா?

பெரியம்மா, 11:10
வேண்டாம்

நான், 11:11
வாங்குங்கள் பெரியப்பா. இரண்டுமே கோளாறு. 40 செ.மீ.யில் நன்றாகத் தெரிந்தாலும் 16 பிக்சல் ள் 16 பிக்சல் ள்தான்.

*செவ்வாய்*

அன்றைக்குச் சித்தப்பா தன் ஸ்கூட்டரில் அண்ணனைக் கடைக்கு அழைத்துப் போனார். எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை.

பெரியப்பா, மாலை 5:18
1920×1080 ஒன்று பார்த்தோம். எழுத்து சின்னதாக இருக்கிறது என்றேன். கடைப் பையன் ஏதோ தட்டினான், எல்லாம் பெரிதானது. ஆனால் பஞ்சு ஒட்டின மாதிரி இருக்கிறது. எனக்குத் திரும்பப் புரை வந்துவிட்டதோ என்று பயந்தே போனேன்.

நான், 5:19
என்ன தட்டினான் என்று சித்தப்பாவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

காட்பாடி சித்தப்பா, 5:22
டிஸ்ப்ளே ரெசல்யூஷன் 1280×720 என்று இருக்கிறது

நான், 5:24
அதைப் பழையபடி 1920×1080க்கு வையுங்கள். பக்கத்தில் 'ரெக்கமெண்டட்' என்று இருக்கும். அதற்கு மேலே இருக்கும் ஸ்கேலை 150% ஆக்குங்கள்.

காட்பாடி சித்தப்பா, 5:26
👍

பெரியப்பா, 5:27
அட! அதே பெரிய எழுத்து. கூராக இருக்கிறது. பையனும் எட்டிப் பார்க்கிறான்.

நான், 5:31
பெரியம்மாவின் கோலக் கணக்குதான். திரையில் பிக்சல்கள் ஆணி அடித்த மாதிரி அசையாதவை. 1920ஐ 1280 ஆக்குவது, 15 புள்ளி வைத்த தரையில் 10 புள்ளிக் கோலத்தை அதே அகலத்துக்கு இழுப்பது. பாதிக் கோடுகள் புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் விழும். அங்கேதான் பஞ்சு. ரெசல்யூஷனில் கை வைக்கவே கூடாது, ஸ்கேலில்தான் வைக்க வேண்டும்.

நான், 5:33
ஒரு குறையும் இருக்கிறது. 150% வைத்தால் 1280×720 அளவுக்குத்தான் விஷயம் கொள்ளும். உங்கள் பழைய திரையை விடக் கொஞ்சம் குறைவு. நீங்கள் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் ஸ்கேன் புத்தகங்கள் படிக்கிறவர், உங்களுக்கு உயரம் முக்கியம். 16 அங்குலத்தில் 1920×1200 இருக்கிறதா கேளுங்கள். கூர்மை அதேதான், கீழே நாலைந்து வரி கூடுதலாகத் தெரியும்.

பெரியப்பா, 5:40
இருக்கிறது. இன்னொன்று 2560×1600 என்கிறான். கண்ணைப் பறிக்கிறது. விலையும் பறிக்கிறது.

பாப்பா, 5:44
மாமா, 6/6, அதாவது குறையில்லாத கண்ணால் பிரித்துப் பார்க்க முடிகிற குறைந்த கோணம் ஒரு பாகையில் 60ல் ஒரு பங்கு. 60 செ.மீ. தூரத்தில் அங்குலத்துக்கு 141 பிக்சல் கிட்டத்தட்ட அதே கணக்குக்கு வருகிறது. அதற்கு மேல் போனால் எழுத்து இன்னும் வழவழப்பாக இருக்கும், பொய்யில்லை. ஆனால் 100லிருந்து 141க்குப் போகிறபோது கிடைக்கிற சந்தோஷம் கிடைக்காது.

பெரியப்பா, 5:46
அதன் பெயர் கலை. 60 கலை ஒரு பாகை.

பாப்பா, 5:46
சரிங்க ஐயா 😄

நான், 5:50
பிக்சல் கூடினால் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். அந்தக் காசுக்கு வேறு இரண்டைப் பாருங்கள். ஒன்று, திரையில் உங்கள் முகம் தெரியக் கூடாது. மேட் திரையாக இருக்க வேண்டும். உங்கள் மேசை ஜன்னலைப் பார்த்து இருக்கிறது, வேலூர் வெயிலுக்குப் பளபளத் திரை முகம் பார்க்கிற கண்ணாடியாகிவிடும். இன்னொன்று, பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் வகைத் திரை, வெளிச்சம் 300 நிட்ஸுக்குக் குறையாமல். 250 என்றால் பகலில் கஷ்டம்.

ஆரணி மாமா, 6:02
பட்டுப் புடவை கூட இவ்வளவு பார்த்து எடுக்க மாட்டார்கள் மச்சான்

பெரியம்மா, 6:03
வருகிறபோது கத்திரிக்காய் வாங்கி வரச் சொல்லுங்கள். முள்ளு கத்திரிக்காய். போனை எடுக்க மாட்டேன் என்கிறார்.

*வியாழன்*

பெரியப்பா, காலை 9:12
1920×1200, 16 அங்குலம், மேட். ஸ்கேல் 150%. ஒரே ஒரு கோளாறு. என் பழைய தட்டச்சு மென்பொருள் மட்டும் மங்கலாக வருகிறது. மற்றதெல்லாம் கூர்.

நான், 9:20
அது ஸ்கேல் என்ற ஒன்றை அறியாத காலத்தில் எழுதினது. அதன் ஐகானில் வலது கிளிக், பிராப்பர்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்'. கடைசிக் கட்டத்தில் டிக் செய்து 'சிஸ்டம் என்ஹான்ஸ்டு' தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

பெரியப்பா, 9:47
சரியாயிற்று. மதுரைத் திட்டத்து மின்னூல் பக்கங்களில் கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு பிளஸ் தட்டினால் வரியும் மடங்கி வருகிறது. ஸ்கேன் பிடிஎஃப்பில் மட்டும் பக்கவாட்டில் தள்ள வேண்டியிருக்கிறது.

நான், 9:49
ஸ்கேன் என்பது படம்தானே பெரியப்பா, மடங்காது. திரையின் அகலத்துக்குப் பொருத்தி வைத்துக் கீழ்நோக்கி மட்டும் தள்ளுங்கள்.

பாப்பா, 9:55
கண்ணாடி என்ன ஆயிற்று?

பெரியப்பா, 9:58
நேற்று பரிசோதித்தார்கள். +1.75 என்றே எழுதிக் கொடுத்தார்கள். சனிக்கிழமை கிடைக்கும்.

பாப்பா, 9:58
💪💪 அம்மா, பார்த்தாயா

*சனி*

பெரியம்மா, மாலை 6:40
காலையிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். அதிசயமாக இருக்கிறது. தைலமும் கேட்கவில்லை.

பெரியப்பா, 6:52
குழுவின் பழைய செய்திகளை எல்லாம் முதலிலிருந்து மறுபடி படித்துக்கொண்டிருக்கிறேன். ள் ள்-ஆகவே தெரிகிறது. சின்ன மகளுக்கு வாழ்த்துகள் மாப்பிள்ளை.

ஆரணி மாமா, 6:53
நன்றி மச்சான் 🙏 சொல்கிறேன் அவளிடம்

பெரியப்பா, 6:55
அப்புறம், அந்தச் செய்தியில் 'தேர்சி' என்று போட்டிருக்கிறீர்கள். 'தேர்ச்சி'. நடுவில் ஒரு ச் விட்டுப்போயிருக்கிறது.

ஆரணி மாமா, 6:57
போட்டேனே மச்சான். உங்கள் ஸ்கிரீனில் தெரியவில்லை போல.