பெண்டென்டிவுக்கு ‘ஏந்துசிறகு’ சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

சதுர அறையின்மேல் வட்டக் குவிமாடத்தை உட்காரவைக்க மூலைகளில் கட்டும் வளைந்த உறுப்புதான் பெண்டென்டிவ் (pendentive). அதற்குத் தமிழில் ‘தொங்குமுக்கோணம்’ என்று வைக்கலாம் என்ற யோசனை வேண்டாம் என்பதே என் கட்சி. இலத்தீன் வேரில் தொங்குதல் இருக்கிறது, சரி. ஆனால் இஸ்தான்புல் சுலைமானியா பள்ளிவாசலின் நடுவே நின்று அண்ணாந்து பார்த்தால், தொங்குவது விளக்குகள் மட்டும்தான். 53 மீட்டர் உயரக் குவிமாடத்தின் பாரத்தை, பெரிய வளைவுகளோடு சேர்ந்து, நான்கு மூலைகளிலும் இருக்கிற இந்த உறுப்புகள்தான் வாங்கித் தூண்களுக்கு இறக்குகின்றன. சுமக்கிறவனுக்குத் தொங்குகிறவன் என்றா பேர் வைப்பது?

வடிவம் பிடிபடாதவர்கள் ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து வையுங்கள். நாலு பக்கமும் செங்குத்தாகச் சீவி, அடியைச் சதுரமாக்குங்கள். சீவிய பக்கம் ஒவ்வொன்றிலும் ஒரு வளைவு தெரியும். அந்த வளைவுகளின் உச்சி மட்டத்தில், மேல்பகுதியைக் கிடையாக அறுத்து எடுத்துவிடுங்கள். மூலைக்கு ஒன்றாக மிஞ்சும் நான்கு துண்டுகள்தான் பெண்டென்டிவ். கீழே முனையாகத் தொடங்கி மேலே விரிந்து, நான்கும் கூடி வட்டமாகிவிடுகின்றன. அந்த வட்டத்தில்தான் குவிமாடம் உட்கார்கிறது. ஒரு விளிம்புகூட நேர்கோடு இல்லை. அதனால்தான் எனக்கு ‘முக்கோணம்’ என்பதும் உறுத்துகிறது.

கட்டடக்கலைஞர் சினான் 1550 முதல் 1557 வரை கட்டிய அந்தப் பள்ளியில், பாரம் நான்கு பருத்த தூண்களுக்குப் போய்விடுவதால், பக்கவாட்டு வளைவுகளுக்குக் கீழுள்ள சுவரை வரிசை வரிசையாக ஜன்னலாகத் திறக்க முடிந்தது. உள்ளே வெளிச்சம் ஒரு பக்கமாக விழுவதில்லை, பரவி நிற்கிறது. கண்ணும் சுவரிலிருந்து மாடத்துக்கு வழுக்கிக்கொண்டே ஏறுகிறது. (அந்தக் கால எண்ணெய் விளக்குகளின் புகையை வாசலுக்கு மேலிருந்த அறைக்குக் காற்றோட்டத்தாலேயே இழுத்து, அங்கே படிந்த கரியில் எழுதும் மை செய்தார்களாம். பள்ளியும் கறுக்கவில்லை, மையும் கிடைத்தது.)

இதே வேலைக்கு இன்னொரு வழியான ஸ்குவிஞ்ச் (squinch) வேறு. டெல்லி குதுப் வளாகத்தில் 1311-இல் எழுந்த அலாய் தர்வாசாவில், மூலைக்குக் குறுக்கே சிறு வளைவுகளைப் போட்டுச் சதுரத்தை எண்கோணமாக்கி, அதன்மேல் மாடம் வைத்தார்கள். கண் அங்கே படி ஏறுவதுபோல நின்று நின்றுதான் மேலே போகும். இரண்டுக்கும் பொதுவாக ‘மூலைத்தாங்கி’ என்று போட்டால் இந்த வித்தியாசமே அழிந்துவிடும்.

நம்மிடம் சொல் இல்லாததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கீழக்கரையின் பழைய கல்லுப்பள்ளி மண்டபம்போலக் கல்தூண்களும் தட்டைக் கூரையுமாகக் கட்டியது. சதுரத்தின்மேல் வட்டத்தை உட்காரவைக்கும் கவலை அந்தக் கொத்தர்களுக்கு வரவே இல்லை. துருக்கியரே பிரெஞ்சுச் சொல்லை வாங்கிப் ‘பாந்தாந்திஃப்’ என்கிறார்கள். ஆனால் அந்தப் பருத்த தூணுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘யானைக்கால்’! அதை அப்படியே நாம் எடுத்தால் வாசகருக்கு வியாதிதான் ஞாபகம் வரும், ‘பெருந்தூண்’ போதும்.

என் பரிந்துரை ‘ஏந்துசிறகு’. ஏந்துதல் வேலையைச் சொல்கிறது. சிறகு, ஒடுங்கிய அடியிலிருந்து வளைந்து விரியும் உருவத்தைச் சொல்கிறது. தெருவின் வடசிறகு, தென்சிறகு என்று வீடுகளைச் சொல்லும் ஊர்களில் கட்டடப் பேச்சுக்கு அது புதிதும் அல்ல. ‘ஏந்துசிறகுக் குவிமாடம்’ என்று தொடராக்கினாலும் நாக்கு இடறவில்லை.

அப்புறம், தொழும் திசையைக் காட்டும் சுவர்மாடமான மிஹ்ராபுக்குத் ‘திசைமாடம்’ என்று ஒரு யோசனை வந்தது. தயவுசெய்து வேண்டாம். மிஹ்ராபும், உரை நிகழ்த்தும் மேடையான மிம்பரும் இங்கே தொழப் போகிறவர்கள் தினமும் சொல்கிற சொற்கள். அவற்றுக்கு நாம் பேர் வைக்க வேண்டியதில்லை.

ஸ்குவிஞ்சுக்கு ‘மூலைவளைவு’ என்று எழுதிப் பார்க்கிறேன். ஆனால் வளைந்து திரும்பும் தெருமூலை என்றும் அது பொருள்படுகிறது. ‘மூலைவில்’ தேவலாமா? கொத்தனார்களோடு பழக்கம் உள்ளவர்கள் கேட்டுச் சொல்லுங்கள்.