ஆபத்தின் முதல் நொடியில் உங்களை நீங்களே கவனித்ததுண்டா?

படுவான்கரையான்:
மட்டக்களப்பில் வெல்லாவெளிப் பக்கம் உள்ள எங்கள் வயல் வட்டையில், பெரும்போக வெள்ளாமை அறுவடைக்கு நெருங்கிய ஓர் இரவு மாமாவோடு காவலுக்கு இருந்தேன். யானை வந்த கதையை விரித்துச் சொல்லத் தேவையில்லை. இங்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். டோர்ச் வெளிச்சத்தில் இரண்டு வரம்புக்கு அப்பால் அது தெரிந்தவுடன் மாமா யானை வெடியைக் கையில் எடுத்தார். நெருப்புக்குச்சியை உரசப் போனவர் நிறுத்தி, தன் வலக்கையை ஒருமுறை பார்த்தார். பிறகு வெடியை என்னிடம் நீட்டி, "என்ட கை நடுங்குது மருமகன், நீங்க கொளுத்துங்க" என்றார். அதற்குள் யானை திரும்பிக் காட்டுப் பக்கம் போய்விட்டது. அது பெரிய விடயமல்ல. அத்தனை பதற்றத்தில் தன் கையைப் பார்க்க அந்த மனிதருக்கு எப்படித் தோன்றியது என்பதுதான் என்னை விடாமல் அரிக்கிறது.

கல்லடிக்காரி:
2012 ஏப்ரல் 11, பிற்பகல். சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலநடுக்கம், சுனாமி வரலாம் என்று அறிவித்ததும் மட்டக்களப்புக் கரையோரம் உள்ள எங்கள் கல்லடியே பாலத்தை நோக்கிப் புறப்பட்டது. புதிய பாலம் அப்போது திறக்கப்படவில்லை என்பதால், 2004 சுனாமியைக் கண்ட நாங்கள் அத்தனை பேரும் அந்த ஒடுங்கிய இரும்புப் பாலத்தில்தான் நெருக்கியடித்தோம். எங்கள் ஆட்டோவை ஓட்டிய பொடியன் ஹோர்னில் இருந்து கையை எடுக்கவே இல்லை. சுனாமியில் பிள்ளையைப் பறிகொடுத்த என் பெரியம்மா பின்னால் இருந்து அவனுடைய தோளைத் தொட்டு, "தம்பி, இந்தச் சத்தம் முன்னுக்கு நிக்கிறவங்களுக்கா, உங்கட பயத்துக்கா?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போல இருந்தது. அவனும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பயத்துக்குத்தான் அம்மா" என்று கையை எடுத்தான். அன்று பேரலை வரவில்லை. நிலத்தட்டு பக்கவாட்டில் நழுவிய நடுக்கம் என்பதால் கடலடித் தரை பெரிதாக மேலெழவில்லை என்று பின்னர் வாசித்தேன்.

அம்பாறை வழிப்போக்கன்:
முதலாமவர் மாமாவை அளவுக்கு மீறி வியக்கிறார் என்பது என் எண்ணம். மகா ஓயா வீதியில் மோட்டார் சைக்கிளில் வந்த எனக்கு முன்னால் தனியன் யானை ஒன்று ஏறி நின்றபோது என்னை நானே கவனிக்க நேரம் இருக்கவில்லை. வண்டியைத் திருப்பி ஓடிய பிறகுதான் மூச்சே வந்தது. என் கதை அவ்வளவுதான். ஆனால் சிலவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். யானை மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் வரக்கூடியது. நேரே ஓடித் தப்பலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதற்குப் பார்வை குறைவு, மோப்பமோ மிகக் கூர்மை. ஆகவே காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துத்தான் ஒதுங்க வேண்டும். செவியை விரித்துப் பிளிறிக்கொண்டு வருவது பெரும்பாலும் மிரட்டல்தான், ஆனால் கன்னத்தில் மதநீர் வடிந்த கறை தெரிந்தால் எந்தக் கணக்கும் செல்லாது. தன்னைக் கவனிக்கும் பழக்கம் வேண்டுமென்றால் அதை வீட்டில் பழகுங்கள். நள்ளிரவில் வெளிநாட்டிலிருந்து அழைப்பு வந்தால், எடுப்பதற்கு முன் மூச்சை உள்ளே இழுத்ததைவிட மெதுவாக வெளியே விடுங்கள். நெஞ்சுத் துடிப்புத் தணியும். பிள்ளை பரீட்சைப் பெறுபேற்றோடு வந்து நிற்கும்போதும் அப்படியே. யானைக்கு முன்னால் நின்று பழகுவதல்ல இது.

படுவான்கரையான்:
மாமாவுக்கு நேரம் மிஞ்சிக் கிடந்தது என்று நான் எங்கும் எழுதவில்லையே. நடுங்கும் கையால் எறிந்த வெடி யானைப் பக்கம் போகாமல் காவல் வாடியின் கிடுகுக் கூரையில் விழுந்தால் என்ன ஆகும் என்பதும், திரி எரிந்த பின் கையிலேயே வெடித்தால் விரல்கள் என்ன ஆகும் என்பதும் காவல் இருந்தவர்களுக்குத் தெரியும். அவர் கையைப் பார்த்தது அதற்காகத்தான். நீங்கள் காற்றைப் பார்க்கச் சொல்கிறீர்கள். அதற்கும் அதே ஒரு நொடிதான் வேண்டும். மகா ஓயா வீதியில் வண்டியைத் திருப்பியபோது காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது என்று சொல்லுங்கள் பார்ப்போம்.