‘இலாகா இல்லாத அமைச்சர்’ என்பதற்கு மாற்று: துறைசாரா அமைச்சர்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

கனடாவின் அல்பெர்ட்டா மாகாண அமைச்சராக இருந்த ஐரீன் பார்ல்பியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். ‘பிரீமியர்’ என்பதற்கு மாகாண முதல்வர், ‘ரைடிங்’ என்பதற்குத் தொகுதி என்று போட்டுவிட்டேன். அவற்றில் சிக்கல் இல்லை. நான் மாட்டிக்கொண்டது ‘மினிஸ்டர் வித்தவுட் போர்ட்ஃபோலியோ’ என்பதில்தான். அமைச்சரவையில் இடம் உண்டு, தனக்கென்று துறை கிடையாது என்ற பதவி அது. அதற்கான தமிழ்ச் சொல்லைப் பற்றித்தான் நம் குழுவில் பேசி வருகிறோம்.

முதல் வரைவில் நாளிதழ் வழக்கப்படி ‘இலாகா இல்லாத அமைச்சர்’ என்றே எழுதினேன். படித்துப் பார்த்த என் அக்கா மகள் கேட்ட முதல் கேள்வி: “ஏன் மாமா, அவங்க இலாகாவை எதுக்குப் பிடுங்கினாங்க?”

யாரும் பிடுங்கவில்லை. பார்ல்பி பண்ணை வீட்டுப் பெண். விவசாயிகள் சங்கத்தின் மகளிர் அமைப்புக்குத் தலைவராக இருந்தவர். 1921 தேர்தலில் அந்தச் சங்கமே ஆட்சியைப் பிடித்தது. லாகோம்ப் தொகுதியில் வென்ற பார்ல்பி நேராக அமைச்சரவைக்குப் போனார். அல்பெர்ட்டாவின் முதல் பெண் அமைச்சர் அவர்தான். 1935 வரை மூன்று முதல்வர்களின் கீழ் அதே பதவியில் இருந்தார். தனக்கென்று ஒரு துறை இல்லாமலேயே பெண்களின் கூலி, மணமான பெண்களின் சொத்துரிமை, கிராமத்து மருத்துவ வசதி என்று பலவற்றுக்கும் அமைச்சரவையில் குரல் கொடுத்தார். 1928-இன் கட்டாயக் கருத்தடைச் சட்டத்தை ஆதரித்ததும் அவரே. மனநலம் குன்றியவர்கள் மீது பாய்ந்த கொடுமையான சட்டம் அது. கட்டுரையில் அதை மறைக்கப் போவதில்லை.

சட்டத்தில் உள்ள ‘நபர்’ என்ற சொல்லில் பெண்களும் அடங்குவார்களா, அவர்களை நாடாளுமன்ற மேலவையான செனட்டுக்கு நியமிக்கலாமா என்று வழக்காடிய ஐந்து பெண்களில் ஒருவரும் இவர். கனடா உச்ச நீதிமன்றம் 1928-இல் இல்லை என்றது. அன்று கனடாவுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1929 அக்டோபர் 18 அன்று ஆம் என்றது. ஒரு சொல்லின் பொருளுக்காக லண்டன் வரை வழக்காடியவரைப் பற்றி எழுதும்போது, கைக்கு வந்த சொல்லைப் போட எனக்கு மனம் வரவில்லை.

‘இலாகா இல்லாத’ என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது வேறு. 2002-இல் உடல்நலம் குன்றிய முரசொலி மாறன், 2023-இல் கைதான செந்தில் பாலாஜி. இருந்தது போய்விட்டது என்ற தொனி அந்தச் சொல்லில் ஏறிவிட்டது. 1950-இல் ராஜாஜியும் நேரு அமைச்சரவையில் சில மாதம் இப்படித்தான் இருந்தார். அவரிடமிருந்து எந்த இலாகாவும் பறிக்கப்படவில்லையே!

நேற்று நம் குழுவில் ஐயா ஒருவர் பரிந்துரைத்த ‘துறையிலி’ சுருக்கமாக இருக்கிறது. ‘கம்பியிலி’ (வயர்லெஸ்) போலப் பொருளுக்கு வைத்தால் உறுத்தாது. மனிதருக்கு வைக்கும்போதோ அகதியைக் குறிக்கும் ‘ஏதிலி’யின் நிழல் விழுகிறது. ‘பொது அமைச்சர்’ என்றால் பொதுப்பணித் துறையோடு குழம்பும்.

என் பரிந்துரை: துறைசாரா அமைச்சர். அணிசாரா நாடுகள், அரசுசாரா நிறுவனம் என்று வாசகருக்குப் பழகிய வடிவம். ‘சாரா’ என்பதில் இழப்பு இல்லை. ஒன்றோடு கட்டுப்படாமல் நிற்பது மட்டுமே இருக்கிறது. ‘சாரா’ என்றால் நடுநிலை என்று பொருள்பட்டுவிடாதா என்று குழுவில் அம்மையார் ஒருவர் கேட்டிருந்தார். முன்னால் ‘துறை’ நிற்பதால் அந்தக் குழப்பம் வராது என்றே நினைக்கிறேன்.

இன்னொரு பக்கமும் உண்டு. பார்ல்பிக்குச் சில மாதம் முன்பே பிரிட்டிஷ் கொலம்பியாவில் மேரி எல்லன் ஸ்மித் இதே வகைப் பதவியை ஏற்று, அந்த ஆண்டே விலகினார். பொறுப்பில் பங்கு உண்டு, கையில் அதிகாரம் இல்லை என்ற நிலை அவருக்கு ஒத்துவரவில்லை. அவர் வரைக்கும் ‘இல்லாத’ என்பதே பொருத்தம் என்று வாதிடலாம். ஆனால் பதவியின் பெயர் இருவருக்கும் ஒன்றுதான். இருவருக்கும் பொருந்தும் சொல்தான் வேண்டும். துறை பறிக்கப்பட்டவர்களை நாளிதழ்கள் ‘இலாகா இல்லாத’ என்றே எழுதிக்கொள்ளட்டும், சரிதான்.

அப்புறம், துறைசாரா என்று சேர்த்தா, துறை சாரா என்று பிரித்தா? சேர்த்து எழுதவே எனக்கு விருப்பம். மறுப்பு இருந்தால் கட்டுரை அச்சுக்குப் போகும் முன் சொல்லுங்கள்.

அன்புடன்